சேற்றுச் சிங்கியின் திருவிழா



விருந்தினர் வரும்போது அடுப்படியிலே மூடி வைக்கப்படும் உணவு ஒன்று எந்த நாட்டிலும் உண்டு. வறியவர் உண்பது என்று பிறர் எள்ளுவரே என்ற கூச்சமே அதற்கு மூடியாகின்றது. அத்தகைய உணவொன்று மூடிய சட்டியை விட்டு வெளிவந்து, ஒரு சிறுபட்டணத்தின் பட்டப்பெயராகி, ஆண்டுதோறும் மூன்று நாள் விழாவும் காணும் வரலாறு அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலே உளது. அவ்விழாவும், அதன் ஆடலுக்கும் பாடலுக்கும் நடுவே மறைந்து நிற்கும் ஒரு பழந்துயருமே இன்றைய பேச்சின் பொருளாகும்.

மிசிசிப்பி என்னும் பேராறு மெக்சிக்கோ வளைகுடாவிற் கலக்கும் இடத்தில் அமைந்தது லூசியானா மாநிலம். ஆறும் கிளையாறும், ஏரியும் சதுப்பும், நீர் எது நிலம் எது என்று பிரித்தறிய இயலாதவாறு அங்கே பின்னிக் கிடக்கின்றன. அம்மாநிலத்தின் தென்பகுதியில், ரெஷ் என்னும் மெல்லோட்டமுள்ள நீரோடையின் கரையில், புறோ பிறிட்ஜ் என்ற பட்டணம் இருக்கின்றது. பேருருவம் படைத்த பாம்பொன்றைத் தம் முன்னோர் போரிட்டுக் கொன்றனரென்றும், அது நெளிந்து கிடந்து மடிந்த தடமே இவ்வோடையாயிற்றென்றும் சிற்றிமாச்சா என்னும் பழங்குடியினர் கதை கூறுவர். 1771 ஆம் ஆண்டில் வேர்மின் புறோ என்பவர் இங்கே நிலம் வாங்கினார். 1799 இல் ஓடையின் குறுக்கே ஒரு நடைபாலம் அமைத்தார். புறோ குடும்பத்தாரின் பாலம் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். அக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுக் கணவனை இழந்த ஸ்கொலஸ்ரிக் பிக்கூ என்னும் அம்மையார், 1829 இல் தம் நிலத்தை வீதிகளாகவும் மனைகளாகவும் வகுத்து ஊரை உருவாக்கினார். 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே வாழ்வோர் ஏறத்தாழ 7,500 பேர். அம்மாநிலத்தார் தம் மாவட்டத்தை மாவட்டம் என்று சொல்லாது, கத்தோலிக்க திருச்சபையின் வழக்கைப் பின்பற்றிப் பங்கு என்றே இன்றும் வழங்குவது கவனிக்கத்தக்கது.

அவ்வூர் கொண்டாடும் உயிர் கடலில் வாழ்வதன்று. நன்னீரிலும் சேற்றிலும் வாழ்வது. ஆயினும் கடலுணவுக் கடையிலேயே அது விற்கப்படுகின்றது; கடலுணவு என்ற பெயராலேயே மேசைக்கு வருகின்றது. இலங்கைக் கடலிற் பிடிபடும் சிங்கி இறாலை விரலளவாகச் சுருக்கி, நண்டின் கொடுக்கு இரண்டை முன்னே பொருத்தினால் எவ்வாறிருக்குமோ, அவ்வாறிருக்கும் அதன் தோற்றம். ஆங்கிலத்தில் அதனைக் குறோபிஷ் என்பர். பிரெஞ்சு மொழியில் எக்றெவிஸ் என்பர். விளையாட்டாகச் சேற்றுப்பூச்சி என்று அழைப்பதும் அம்மக்களின் வழக்கம். ஆதலின், சேற்றுச் சிங்கி என்று அதனை இங்கே குறிப்பது பொருந்தும். எங்கள் வயல் நண்டு வளை தோண்டுவதுபோலவே இதுவும் தோண்டும். வளையின் வாயிலே சேற்றுருண்டைகளை அடுக்கிப் புகைபோக்கி போன்ற சிறு கோபுரம் ஒன்றை எழுப்பும்.

மே மாதத்தின் முதல் வார இறுதியில், வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று தினங்களிலும் விழா நடைபெறும். ஆதியிலே ஊர் நடுவீதிகளில் நடந்த அவ்விழா, கூட்டம் பெருகியதால் பின்னர் ஹார்டிப் பூங்கா என்னும் திறந்த வெளிக்கு மாற்றப்பட்டது. அங்கே செல்பவரை முதலில் எதிர்கொள்வது மணமே. ஆளுயரக் கரண்டிகளால் துழாவப்படும் பெருங்கிடாரங்களில் உப்பும், செத்தல் மிளகாய்த் தூளும், தேசிக்காயும், வெங்காயமும் சேர்ந்து கொதிக்கும். உருளைக்கிழங்கும் சோளப்பொத்தியும் அதிலே வேகும். சாக்குச் சாக்காக வந்த சேற்றுச் சிங்கிகள் உயிரோடு அக்கொதிநீரில் இடப்படும். கருஞ்சிவப்பாக உள்ளே சென்றவை செம்பருத்தி நிறம் பெற்று வெளிவரும். பழைய பத்திரிகைத் தாள் விரித்த நீண்ட மேசையிலே அவற்றைக் குவித்துவிடுவர். கோப்பையுமில்லை, கத்தியுமில்லை, முள்ளுமில்லை, கையே கருவி.

உண்ணும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. தலையை ஒரு கையாலும் வாலை மறு கையாலும் பற்றித் திருகிப் பிரித்தல் வேண்டும்; தலையிலே தங்கிய காரச்சாற்றை உறிஞ்சுதல் வேண்டும்; பின்னர் வாலின் ஓட்டை வளையம் வளையமாகக் கழற்றிச் சதையை எடுத்தல் வேண்டும். நூறு இறாத்தல் சிங்கியை வேகவைத்து உரித்தால் தேறும் சதை ஏறத்தாழ 15 இறாத்தலே. ஆதலின் இவ்வுணவு அவசரக்காரனுக்கு உரியதன்று. மேசையைச் சுற்றி மணிக்கணக்காக நின்று, உரித்துக்கொண்டும் உரையாடிக்கொண்டும் இருப்பவருக்கே உரியது. அறிமுகமில்லாதவனுக்கு உரிக்கும் வகையைப் பக்கத்தில் நிற்கும் முதியவர் கற்பித்துக் கொடுப்பார்; அதற்குள் இருவரும் உறவினராகிவிடுவர்.

மற்றொரு பக்கத்திலே சமையற் போட்டி நடைபெறும். வெங்காயம், கறிமிளகாய், செலறி ஆகிய மூன்றையும் வெண்ணெயில் வதக்கி, சிங்கியின் சதையையும் அதன் தலையிலுள்ள மஞ்சள் நிறக் கொழுப்பையும் சேர்த்து, மூடி வைத்து மெல்லெனச் சமைத்து, சோற்றின்மேல் ஊற்றி உண்பர். எத்தூபே என்பது அக்கறியின் பெயர். மூடிப் புழுக்கியது என்பது அப்பிரெஞ்சுச் சொல்லின் கருத்து. 1920களிலே இவ்வூர்ச் சிறு விடுதியொன்றிற் சமைத்த பெண்மணிகளே இதனை முதன்முதலாக வெளியாருக்குப் பரிமாறினர் என்று ஊரார் பெருமையுடன் கூறுவர்.

இன்னும் சிறிது தூரம் சென்றால் சிறுவர்களின் ஆரவாரம் கேட்கும். அங்கே சிங்கிகளுக்கு ஓட்டப்பந்தயம் நடைபெறுகின்றது. தத்தமக்குரிய சிங்கியைப் பெயர் சொல்லி அழைத்து, முன்னே செல், முன்னே செல் என்று பிள்ளைகள் கூவுவர். அஞ்சினால் பின்னோக்கிப் பாயும் இயல்புடைய அவ்வுயிரோ பெரும்பாலும் அவர்களை ஏமாற்றிவிடும். அமெரிக்க ஆங்கிலத்திலே, சொன்ன சொல்லிலிருந்து நழுவுவதைக் குறிக்க இவ்வுயிரின் பெயரே வினைச்சொல்லாக வழங்குகின்றது. புறோ பிறிட்ஜ் மக்கள் அதனை ஒப்புக்கொள்ளார். இருப்புப்பாதையில் நிற்கும் சேற்றுச் சிங்கி, எதிரே புகைவண்டி வந்தாலும் ஓடாது இரு கொடுக்கையும் உயர்த்தி நிற்கும் என்பர் அவர்கள். தம்மைத் தாமே எவ்வாறு காண விரும்புகின்றனர் என்பதை அக்கூற்று காட்டுகின்றது அன்றோ?

அவர்கள் யாவர் என்பதை அறிந்தாலன்றி அவ்விழாவின் பொருள் விளங்காது. இன்றைய கனடாவின் கிழக்குக் கரையிலே, நோவா ஸ்கோஷியா எனப்படும் நிலப்பகுதியிலும் அதன் அயலிலும், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரான்சிலிருந்து சென்று குடியேறிய உழவர்கள் வாழ்ந்தனர். அந்நாட்டுக்கு அக்கேடியா என்பது பெயர். கடல்நீர் ஏறிய சதுப்புகளுக்கு அணை கட்டி அவற்றை விளைநிலமாக்கியவர்கள் அவர்கள். 1713 இல் ஓர் உடன்படிக்கையால் அந்நாடு பிரித்தானியரின் கைக்கு மாறியது. எவ்வித நிபந்தனையுமற்ற விசுவாசப் பிரமாணத்தை அவர்கள் செய்ய மறுத்தனர். பிரான்சுக்கு எதிராகப் படைக்கலம் ஏந்த அவர்கள் விரும்பவில்லை. 1755 இல் அவர்களை நாடு கடத்தும் கட்டளை பிறந்தது. வீடுகள் கொளுத்தப்பட்டன. கால்நடைகள் பறிக்கப்பட்டன. பிடிக்கப்பட்டவர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். குடும்பங்கள் பல சிதறுண்டன. 1763 வரையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு பெயர்க்கப்பட்டனர். நோயினாலும் கப்பற்சேதத்தினாலும் மாண்டோர் பல்லாயிரவர்.

நிலம் தேடி அலைந்தவருள் ஒரு பகுதியினர் 1765 அளவில் லூசியானாவை அடைந்தனர். 1785 இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் மேலும் ஏறத்தாழ 1,600 பேர் வந்து சேர்ந்தனர். அக்கேடியர் என்ற பெயரே தேய்ந்தும் திரிந்தும் ஈற்றிலே கேஜன் ஆயிற்று. குளிர்நாட்டுக் கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் வெப்பநாட்டுச் சதுப்பிலே வாழக் கற்றனர். அங்கே முன்னரே வாழ்ந்த பழங்குடிகளும் ஆபிரிக்க வழிவந்த மக்களும் உண்ட உணவைத் தாமும் உண்ணக் கற்றனர்.

இவ்வரலாற்றை அம்மக்கள் நூலாகப் படித்ததிலும் கதையாகக் கேட்டதே அதிகம். அக்கேடியாவின் கடலிலே வாழ்ந்த பெருஞ்சிங்கி இறால்கள், தம்மோடு வாழ்ந்த மனிதரைப் பிரிய மனமின்றி அவர்கள் சென்ற வழியே பின்தொடர்ந்தனவாம். நெடுந்தூரம் நடந்து நடந்து, இளைத்து இளைத்து, லூசியானாவை அடைந்தபோது விரலளவாய்ச் சிறுத்துவிட்டனவாம். அந்தச் சிங்கி இறாலே இந்தச் சேற்றுச் சிங்கி என்பர். விலங்கியல் அறிஞர் இதனை ஏற்கார். ஆயினும் நாடிழந்தவன் வழிநெடுகிலும் எதை இழந்தான், எதைச் சுருக்கிச் சுமந்து வந்தான் என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்லிவிட முடியுமோ?

சுமந்து வந்த அவ்வுயிர் நெடுங்காலம் ஏழையின் உணவாகவே இருந்தது. மாமிசம் விலக்கிய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சதுப்பிலே கையிட்டாற் கிடைக்கும் பண்டத்திற்கு மதிப்பு ஏது? 1880 இல் லூசியானாவிற் பதிவான விற்பனை 23,400 இறாத்தல். அதன் பெறுமதி 2,140 டொலர். 1908 இல் 88,000 இறாத்தல் விற்றும் கிடைத்தது 3,600 டொலரே. இறாத்தல் ஒன்று நான்கு சதமளவுதான். நகரத்தார் அதனைத் தூண்டில் இரையாகக் கருதினர். கேஜன் என்ற சொல்லும் அவ்வாறே மலிந்து, நாட்டுப்புறத்தான், கல்லாதவன் என்ற பொருளில் ஏச்சாக வழங்கியது. மக்களும் அவர் உணவும் ஒரே சட்டியில் மூடப்பட்டனர்.

மூடி திறந்த கதை இனித்தான் வருகின்றது. 1930களிற் கம்பிக்கூடுகள் வழக்கிற்கு வந்தன, பிடிப்பது எளிதாயிற்று. பனிக்கட்டியும் நல்ல வீதியும் வந்தன. நகரச் சந்தை நெருங்கி வந்தது. 1959 இல் புறோ பிறிட்ஜ் பட்டணம், சட்டப்படி நகராக அமைந்த நூறாவது ஆண்டைக் கொண்டாடியது. மாநிலச் சட்டசபையின் சபாநாயகராக அப்பொழுது வீற்றிருந்தவர் அவ்வூரவரான றொபேட் ஆஞ்செல். அந்நூற்றாண்டை ஒட்டி, உலகத்தின் சேற்றுச் சிங்கித் தலைநகரம் என்ற பட்டத்தைச் சட்டசபை அவ்வூருக்கு வழங்கியது. மறுவருடம், 1960 இல், முதலாவது விழா நடந்தது. 1983 இல் அம்மாநிலம் சேற்றுச் சிங்கியைத் தன் சின்னங்களுள் ஒன்றாகவும் ஏற்றுக்கொண்டது. ஏச்சாயிருந்தது விருதாயிற்று.

விழாவின் பெருமையோடு உழவும் வளர்ந்தது. 1960களின் நடுவில் ஏறத்தாழ 10,000 ஏக்கரில் இவ்வுயிர் வளர்க்கப்பட்டது. 1980களின் நடுவில் அப்பரப்பு ஒரு இலட்சம் ஏக்கரைக் கடந்தது. வளர்க்கும் இடம் பெரும்பாலும் நெல்வயலே என்பதைக் கேட்பின் எங்கள் விவசாயிகள் வியப்பர். இளவேனிலில் நெல் விதைப்பர். நீர் கட்டிய வயலிலே ஆனி மாதமளவிற் சிங்கிகளை விடுவர். கதிர் முற்றும் காலத்தில் நீரை வடிப்பர். சிங்கிகள் வளை தோண்டி மண்ணுள்ளே ஒதுங்கிவிடும். நெல்லை அறுத்தபின், ஐப்பசி மாதமளவில் மீண்டும் நீர் பாய்ச்சுவர். தாய்ச் சிங்கிகள் வாலின்கீழ் குஞ்சுகளைச் சுமந்தவாறு வளையை விட்டு வெளிவரும். அறுத்த தாள் நீரிலே மக்கி அவற்றுக்கு உணவாகும். மார்கழி தொடக்கம் வைகாசி வரையிற் கூடு வைத்துப் பிடிப்பர். ஒரே வயல் ஓராண்டில் இரு விளைவு தருகின்றது.

விழாவின் உயிர்நாடி இசையாகும். வயலினும் அக்கோடியனும் முதன்மை பெறும் கேஜன் இசை ஒரு மேடையிலும், அதே மண்ணின் கருநிற மக்களாகிய கிறியோல் இனத்தார் வளர்த்த சைடிகோ இசை மற்றொரு மேடையிலும் முழங்கும். மார்பிலே கவசம்போல் அணிந்த நெளிவுத் தகட்டைக் கரண்டியாலோ போத்தல் திறப்பியாலோ உரசித் தாளமிடுவது சைடிகோவின் தனிச்சிறப்பு. தாத்தாவின் பாதத்தின்மேல் தன் பாதத்தை வைத்து ஆடும் சிறுமியையும், எண்பது வயதில் வோல்ஸ் ஆடும் தம்பதியரையும் அங்கே காணலாம். 1964 இல் நியூபோட் நாட்டார் இசை விழாவுக்கு டூயி பல்பா முதலிய கேஜன் கலைஞர் அழைக்கப்பட்டபோது, இவ்விசையை வெளியார் முன் கொண்டுசெல்வது தலைகுனிவு என்று அவர்களின் சொந்த மண்ணிலேயே பத்திரிகை ஏளனஞ் செய்தது. நியூபோட்டிற் கூடிய பெருங்கூட்டமோ எழுந்து நின்று கரகோஷஞ் செய்தது. உணவுக்கு நேர்ந்ததே இசைக்கும் நேர்ந்தது; மூடி திறந்தது.

ஆயினும் மேடையிற் பாடப்படும் சொற்களைக் கூர்ந்து கேட்பவருக்கு ஓர் ஐயம் எழும். பாடல்களுட் பல பிரெஞ்சு மொழியில் உள்ளன. கேட்டு ஆடுவோருட் பெரும்பாலோர்க்கு அவற்றின் பொருள் விளங்குவதில்லை. மேசையோரத்தில் இரு முதியவர் பிரெஞ்சிலே நகைத்துப் பேசுவர். அவர்களின் மக்கள் அதனை விளங்கிக்கொள்வர், ஆயின் ஆங்கிலத்திலே மறுமொழி கூறுவர். பேரப்பிள்ளைகளோ விளங்கிக்கொள்ளவும் மாட்டார். மூன்று தலைமுறையில் ஒரு மொழி வடிந்துபோனதை அம்மேசையிலேயே காணலாம்.

அது தானாக வடிந்த நீரன்று; வாய்க்கால் வெட்டி வடிக்கப்பட்டது. 1916 இல் லூசியானாவிற் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 1921 ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு, அரசாங்கப் பாடசாலைகளிற் போதனை ஆங்கிலத்திலேயே நிகழவேண்டுமென விதித்தது. கட்டாயத்தின் பேரிற் பாடசாலைக்கு வந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. வெளியே செல்ல அனுமதி கேட்கும் சொல்லை அறியாமையால் வகுப்பிலேயே ஆடை நனைந்து அவமானப்பட்ட பிள்ளைகள் பலர். பாடசாலை வளவிற் பிரெஞ்சு பேசமாட்டேன் என்ற வாக்கியத்தைப் பலநூறு முறை எழுதுதலும், முழந்தாளில் நிற்றலும், பிரம்படியும் தாய்மொழி பேசியதற்குத் தண்டனைகளாயின. அத்தண்டனையை விதித்த ஆசிரியருட் பலர் அதே மொழியைத் தாய்மடியிற் கற்றவர்களே என்பது அவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. அவர்கள் கொடியவர்களல்லர். பிள்ளை முன்னேறவேண்டுமாயின் பழைய சட்டையைக் கழற்றத்தான் வேண்டும் என்று உண்மையாகவே நம்பினர்.

அடிபட்ட பிள்ளைகள் வளர்ந்து பெற்றோராயினர். தாம் பட்ட நாணம் தம் மக்களுக்கு வேண்டாமென அவர்கள் முடிவு செய்தனர். கணவனும் மனைவியும் தமக்குள்ளே பிரெஞ்சு பேசினர். பிள்ளையின் பக்கம் திரும்பியதும் ஆங்கிலம் பேசினர். சட்டம் செய்யாததை அன்பு செய்து முடித்தது. உலகத்தின் சிங்கித் தலைநகரம் என்ற தன் பட்டத்தை அவ்வூர் பிரெஞ்சு மொழியிலும் எழுதிப் பெருமை கொள்கின்றது. ஆனால் முதல் விழா நடந்த 1960 இல், அதே ஊரின் பாடசாலையிலே பிரெஞ்சு போதனாமொழியாக இருக்க இயலாது. சிங்கிக்குக் கிடைத்த மன்னிப்பு அதன் பெயரைச் சொல்லும் மொழிக்குக் கிடைக்கவில்லை.

அம்மன்னிப்பு 1968 இலே வந்தது. ஜேம்ஸ் டொமான்ஜோ என்ற சட்டத்தரணியின் முயற்சியால், லூசியானாவிற் பிரெஞ்சு மொழியை வளர்ப்பதற்கென மாநில அரசாங்கம் ஒரு மன்றத்தை நிறுவியது. 1974 இன் புதிய அரசியலமைப்பு, தத்தம் மொழியையும் பண்பாட்டையும் பேணும் உரிமையை மக்களுக்கு ஏற்றுக்கொண்டது. பிரான்சு, பெல்ஜியம், கனடாவின் கியூபெக் ஆகிய இடங்களிலிருந்து ஆசிரியர்கள் வந்தனர். ஆயின் அவர்கள் கொணர்ந்தது ஏட்டுப் பிரெஞ்சு. இறாலுக்கு அவர்கள் கிறெவெற் என்பர்; லூசியானாப் பாட்டியோ ஷெவ்றெற் என்பாள். கற்ற சொல்லை வீட்டிற் சென்று சொன்ன பிள்ளையைப் பாட்டி விளங்கிக்கொள்ளவில்லை. தான் பேசியது பிரெஞ்சே அன்று போலும் என்று பாட்டி மீண்டும் ஒருமுறை நாணினாள். ஊர்ப்பேச்சை இழிந்ததென ஒதுக்கி மொழியை வளர்க்க முடியாது என்ற உண்மையை அம்மன்றமும் காலப்போக்கில் உணர்ந்தது. 1980களில் தொடங்கிய வகுப்புகளிலே கணிதமும் விஞ்ஞானமும் பிரெஞ்சிலேயே போதிக்கப்படுகின்றன. அங்கே ஊர்ச்சொல்லுக்கும் இன்று இடமுண்டு.

இருப்பினும் இழப்பு பெரிது. 1970 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே, பிரெஞ்சு தம் தாய்மொழி என்றோர் 5 இலட்சத்துக்கும் அதிகம். இன்று அதனைப் பேச வல்லோர் 2 இலட்சத்துக்கும் குறைவு. அவருட் பெரும்பகுதியினர் முதியோர். 2003 டிசம்பரிலே, எலிசபெத் மகாராணியாரின் பெயரால் கனடாவில் வெளியான பிரகடனம் ஒன்று, 1755 இல் தொடங்கிய நாடுகடத்தலையும் அதனால் விளைந்த துன்பத்தையும் ஏற்றுக்கொண்டு, ஜூலை 28 ஆம் நாளை நினைவுநாளாக்கியது. அரசுகளின் நினைவு தாமதமாகவேனும் திரும்பும். தலைமுறையின் நாவிலிருந்து இறங்கிய சொல் அத்துணை எளிதாகத் திரும்புவதில்லை.

சிங்கிக்கு வந்த இடர்களுக்கு அரசுகள் எவ்வளவு விரைந்து உதவின என்பதையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். 1990களில் சீனாவிலிருந்து உரித்த சிங்கிச் சதை மிக மலிவாக வந்து குவிந்தது. 1997 இல் அமெரிக்க அரசாங்கம் அதற்கு மேலதிகத் தீர்வை விதித்தது. 2023 இன் கோடையில் அனலும் வறட்சியும் மண்ணை வெடிக்கச் செய்தன. வளைக்குள்ளேயே சிங்கிகள் மடிந்தன. 2024 இன் தொடக்கத்தில் அதன் விலை எளியோர் எட்டாத உயரத்துக்குச் சென்றது. அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே மாநில ஆளுநர் அதனை அனர்த்தமாகப் பிரகடனஞ் செய்தார். இவை செய்யத்தக்கனவே. உழவனின் வயிறு சம்பந்தப்பட்டது தாமதிக்கக் கூடாது. ஆயின் சந்தையில் விலைபோகும் பொருளுக்கு ஒரு பருவத்திற் கிடைத்த துணை, சந்தையில் விலைபோகாத மொழிக்குக் கிடைக்க அரை நூற்றாண்டு சென்றது.

ஞாயிறு மாலை விழா நிறைவெய்தும். கிடாரங்கள் கழுவிக் கவிழ்க்கப்படும். மேசைத் தாள்கள் ஓடுகளோடு சேர்த்துச் சுருட்டப்படும். கடைசிப் பாடலுக்கு முதியவரும் சிறுவரும் ஒருசேர ஆடுவர். அவ்வேளையில், பிரெஞ்சு வகுப்பிற் பயிலும் சிறுவன் ஒருவன் அப்பாடலின் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல, தாய் வியந்து நோக்க, பாட்டி ஆமென்று தலையசைக்கும் காட்சி இக்காலத்திலே இயலாததன்று. இடையிலே ஒரு தலைமுறை மௌனமாக நின்றாலும், பாட்டியின் கையைப் பேரன் எட்டிப் பிடிக்கின்றான்.

தமிழிலே நா என்பது சுவைப்பதற்கும் பேசுவதற்கும் ஒரே உறுப்பு. புறோ பிறிட்ஜின் மக்கள் நாவின் ஒரு தொழிலைத் தம் விழாவினாற் காத்துக்கொண்டனர். ஏளனஞ் செய்தவரையே விருந்துக்கு அழைத்து, அவர் கையிலேயே உரித்து உண்ணக் கொடுத்தனர். அது சிறு வெற்றியன்று. நாவின் மற்றைத் தொழிலை விழா மாத்திரம் காக்கமாட்டாது. உணவு வாழ, ஆண்டுக்கு மூன்று நாளும் நல்ல பசியும் போதும். மொழி வாழ, ஆண்டின் எஞ்சிய நாளெல்லாம் வேண்டும். வீட்டிலே தாயும் தந்தையும் வேண்டும். வகுப்பறையிலே, பிள்ளை கொண்டுவந்த சொல்லை நாணச் செய்யாத ஓர் ஆசிரியரும் வேண்டும்.